பால்மிட்டோ ராஞ்ச் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையில், தெற்குப் படைத்தளபதி லீ சரணடைந்து ஒரு மாதம் கழித்து டெக்சாஸில் நடந்த கடைசிச் சண்டையை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். போர் முடிந்த செய்தி போய்ச் சேராததால்தான் அது நடந்தது என்று படித்திருக்கிறேன். ஒரு தந்தி போயிருந்தால் அந்த உயிர்கள் பிழைத்திருக்குமே? வீணாகச் செத்தார்களே என்று மனம் ஆறவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அதை ஒரு வரியில் கடந்தது தவறுதான். இப்போது கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. லீ சரணடைந்தது 1865 ஏப்ரல் 9. மே 1 அன்று ரியோ கிராண்டே ஆற்றில் பிரவுன்ஸ்வில் நோக்கிப் போன நீராவிப் படகிலிருந்து ஒரு பயணி, கரையில் நின்ற தெற்குப் படைவீரர்களிடம் நியூ ஆர்லியன்ஸ் செய்தித்தாள் ஒன்றைத் தூக்கிப் போட்டார். லீ சரணடைந்தது, லிங்கன் கொல்லப்பட்டது எல்லாம் அதில் இருந்தது. அந்தக் கரைதான் பால்மிட்டோ ராஞ்ச், நீங்கள் கேட்ட சண்டை நடந்த இடம். அடுத்த சில நாட்களில் நூற்றுக்கணக்கான வீரர்கள் துப்பாக்கியை வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் தெரிந்தேதான் இருந்தார்கள். பிராசோஸ் சாண்டியாகோ தீவில் இருந்த வடக்குப் படைக்கும் தெரியும். மார்ச்சிலிருந்தே இரண்டு தரப்பும் சுடாமல் இருப்பது என்று வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டும் இருந்தன.

அப்புறம் ஏன் சண்டை? வடக்குப் படையின் கர்னல் பாரட் படையை ஏன் அனுப்பினார் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அந்த ஆற்றைக் கடந்து மெக்சிகோ வழியாகத்தான் தெற்கின் பருத்தி வெளியே போய்க்கொண்டிருந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மே 12, 13 இரண்டு நாள் சண்டை. இரண்டாம் நாள் பிற்பகலில் தெற்குப் படையின் ரிப் ஃபோர்டு சுமார் 300 குதிரைவீரர்களோடும் பீரங்கிகளோடும் வந்ததும் வடக்குப் படை பின்வாங்கியது. சுமார் நூறு பேர் பிடிபட்டார்கள். வடக்கின் 34-வது இண்டியானா ரெஜிமென்டைச் சேர்ந்த ஜான் ஜெஃபர்சன் வில்லியம்ஸ் செத்துப்போனார். அந்தப் போரின் சண்டைகளில் கடைசியாக உயிரிழந்தவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். போரில் தோற்ற தெற்கு, கடைசிச் சண்டையில் ஜெயித்தது. அந்தத் தாக்குதல் தேவையே இல்லை என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஆனால் 'போர் முடிந்த பிறகு' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கேதான் நான் தயங்குகிறேன். வடக்குப் படையில் முதலில் போய், கடைசிவரை பின்னால் நின்று சுட்டபடி மற்றவர்களைக் காத்தது 62-வது கறுப்பினக் காலாட்படை. அதில் பெரும்பாலோர் மிசூரி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்கள் நடந்துபோன டெக்சாஸில் அன்றைக்கும் அடிமைகள் அடிமைகளாகத்தான் இருந்தார்கள். டெக்சாஸின் கால்வெஸ்டனில் வடக்குப் படையின் ஜெனரல் கிரேஞ்சர் அடிமைகளின் விடுதலை உத்தரவை வெளியிட்டது ஜூன் 19 அன்று. நடுவில் ஒரு மாதத்துக்கும் மேல் இருக்கிறது. அந்தச் சிப்பாய்களிடம் போய் 'எல்லாம் முடிந்துவிட்டதே' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தப் படையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1864-ல் இதன் அதிகாரி பிரான்சன் ஓர் உத்தரவு போட்டார். சீட்டு வைத்துச் சூதாடிப் பிடிபட்டால், முகாமில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் கையில் புத்தகத்தோடு நிற்க வேண்டும். ஒரு பாடத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினால்தான் விடுதலை. படிப்பைத் தண்டனையாக்கியது எனக்கு முதலில் உறுத்தியது. ஆனால் மிசூரியில் கறுப்பினத்தவருக்கு எழுதப்படிக்கக் கற்றுக்கொடுப்பதே 1847 முதல் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவர்கள் கையில்தான் அந்தப் புத்தகம் இருந்தது.

ஊர் திரும்புமுன் அவர்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்காகப் பணம் திரட்டினார்கள். சிப்பாயின் மாதச் சம்பளம் அப்போது சுமார் 13 டாலர். அதிலிருந்து கொடுத்துக் கொடுத்து சுமார் 5000 டாலர் சேர்ந்தது. 65-வது கறுப்பினப் படையும் பங்கு போட்டது. 1866-ல் மிசூரியின் ஜெஃபர்சன் சிட்டியில், இதே 62-வது படையில் அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஃபாஸ்டர் அந்தப் பள்ளியைத் தொடங்கி வைத்தார். இன்று அது லிங்கன் பல்கலைக்கழகம்.