மானாவாரிக் கடலைக்கு மூன்று தடவை பூஞ்சாண மருந்து தேவையா?

குப்பம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார்: ஜூலை முதல் வாரம் 2 ஏக்கரில் காதிரி 6 ரகக் கடலையை மானாவாரியாக விதைத்தாராம், இப்போது 40 நாள், 12 நாளாக மழை இல்லை, அடி இலையில் அங்கங்கே பழுப்புப் புள்ளி. மருந்துக்கடையில் 40, 55, 70ஆம் நாள் என்று மூன்று தடவை அடித்துவிடச் சொல்கிறார்களாம். கட்டுபடியாகுமா?

அண்ணா, இப்போதைக்கு அடிக்காதீர்கள். டிக்கா என்கிற இலைப்புள்ளி நோயும் துரு நோயும் பரவ இலை மணிக்கணக்கில் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்து கிடக்கிற கொல்லையில் அடி இலைப் புள்ளி பெரும்பாலும் அடி இலையோடு நின்றுவிடும். மருந்து, கூலி, ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் சுமந்து போகிற செலவு எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 1,200 ரூபாய் என்று வையுங்கள், காய் கிலோ 60 ரூபாய்க்குப் போனால் ஏக்கருக்கு 20 கிலோ கூடுதலாக விளைந்தால்தான் போட்ட காசாவது கைக்கு வரும், மூன்று தடவைக்கு 60 கிலோ. மழை பொய்த்த வருஷத்தில் விளைச்சலைக் குறைப்பது வறட்சி, அதற்கு எந்தப் பூஞ்சாண மருந்தும் ஈடு கட்டாது.

ஆனால் அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். காதிரி 6 இலைப்புள்ளியைத் தாங்குகிற ரகம் இல்லை. உங்கள் பக்கம் செப்டம்பரில் மழை பிடித்துக்கொண்டு நாலைந்து நாள் மூட்டமாகவே இருந்தால் கதை மாறிவிடும், டிக்காவும் துருவும் சேர்ந்தால் பாதி விளைச்சலைக்கூடத் தின்றுவிடும். அதனால் வாரம் ஒரு முறை காலையில் கொல்லையில் நடந்து, பத்து இடத்தில் குனிந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் பழுப்புப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம் என்றால் முன்பருவப் புள்ளி. அடிப்பக்கம் கறுப்பாக, உருண்டையாக இருந்தால் பின்பருவப் புள்ளி, அதுதான் இலையை வேகமாக உதிர்க்கும். கட்டை விரலால் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் செம்மண் நிறத்தில் தூள் ஒட்டுகிறதா, அது துரு.

புள்ளி நடு இலைக்கு ஏறுகிறது, மழையும் தொடர்கிறது, பயிர் இன்னும் 75 நாளைத் தாண்டவில்லை, இந்த மூன்றும் சேர்ந்தால் யோசிக்காமல் அடியுங்கள். லிட்டருக்கு மான்கோசெப் 2 கிராம், கார்பெண்டசிம் 1 கிராம் கலந்து, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி. மழை விடாவிட்டால் 15 நாள் கழித்து இன்னொரு தடவை. கார்பெண்டசிமை மட்டும் வருஷா வருஷம் அடித்தால் பூஞ்சாணம் அதற்குப் பழகிவிடும், இரண்டாம் தடவைக்கு டெபுகொனசோல் லிட்டருக்கு 1 மில்லி என்று மாற்றிக்கொள்ளலாம். 90 நாளுக்கு மேல் அடி இலை பழுத்து உதிர்வது இயல்பு, அதற்குச் செலவு வேண்டாம். கொடியை மாட்டுக்குப் போடுவீர்கள் என்றால் மருந்து அடித்த பிறகு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருப்பதையும் பாருங்கள்.

கையில் இருக்கிற காசை முதலில் ஜிப்சத்துக்குப் போடுங்கள், ஏக்கருக்கு 200 கிலோ. பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற நேரம் இது, அடுத்த மழை பெய்து மண் ஈரமானதும் செடி ஓரமாகத் தூவி மண் அணைத்துவிடுங்கள், காய் பொக்கு ஆகாது. அடுத்த வருஷம் விதை நேர்த்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள், கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா என்கிற நன்மை செய்யும் பூஞ்சாணம் 4 கிராம் போதும், கழுத்தழுகலில் செடி சாவது குறையும். மூன்று வரிசை கடலைக்கு ஒரு வரிசை கம்பு போட்டாலும் பின்பருவப் புள்ளி மட்டுப்படும்.

அப்புறம், அடிக்க நேர்ந்தால் நடுக்கொல்லையில் நாலு சால் மட்டும் மருந்து படாமல் விட்டுவிடுங்கள். பிடுங்கும்போது அந்த நாலு சால் காயையும் பக்கத்து நாலு சால் காயையும் தனித்தனியாகக் காயவைத்து எடை போட்டுச் சொல்லுங்கள், அடுத்த பட்டத்துக்கு உங்கள் நிலத்துக் கணக்கை வைத்தே பேசுவோம்.