டிவியை ஆங்கிலத்தில் கிண்டலாக என்னென்ன சொல்வார்கள்?

நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்தது ‘இடியட் பாக்ஸ்’. அமெரிக்காவில் 1950களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்ட வசவு இது. யோசித்துப் பாருங்கள், பெட்டி எப்படி முட்டாளாகும்? எதிரே உட்கார்ந்திருக்கும் நம்மைத்தான் சொல்கிறார்கள். இந்தக் கிண்டல் பெயர்களில் பெரும்பாலானவை இப்படித்தான். திட்டு பெட்டிக்கு, அடி பார்ப்பவர் முதுகில்.

பிரிட்டனில் ‘காகிள் பாக்ஸ்’ என்பார்கள். காகிள் என்றால் கண்ணை உருட்டி முழிப்பது. இந்தப் பெயரையே வைத்து சேனல் 4 2013 முதல் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறது. சாதாரணக் குடும்பங்கள் வீட்டு சோபாவில் டீயும் பிஸ்கெட்டுமாக உட்கார்ந்து, அந்த வாரம் வந்த நிகழ்ச்சிகளைப் பார்த்து அடிக்கிற கமெண்ட்தான் மொத்த நிகழ்ச்சியும். டிவி பார்ப்பவர்களை டிவியில் பார்க்க இன்னொரு கூட்டம்! ‘டெலி’ என்றும் சொல்வார்கள், ஆனால் அது செல்லப்பெயர், கிண்டலில் சேராது.

அமெரிக்கர்களுக்குப் பிடித்தது ‘பூப் டியூப்’. இங்கே பூப் என்றால் மக்கு. டியூப் என்பது கேத்தோடு கதிர்க்குழாய். பழைய டிவிக்குப் பின்பக்கம் தொந்தி போலத் தள்ளிக்கொண்டிருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்தான். யூடியூபின் பெயரில் இருப்பதும் இதே டியூப்தான். ஆனால் இந்தச் சொல்லை லண்டன் பக்கம் போனால் எடுத்துவிடாதீர்கள். அங்கே பூப் டியூப் என்றால் தோள்பட்டி இல்லாமல் மார்பை இறுக்கிப் பிடிக்கும் பெண்கள் மேலாடை. “நேற்று ராத்திரி முழுக்க பூப் டியூப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்” என்று ஆபீஸில் சொன்னால் எச்.ஆர். கூப்பிட்டு அனுப்புவார்.

நாள் முழுக்க சோபாவில் கிடந்து டிவி பார்க்கிற சோம்பேறியைச் சொல்லும் ‘கவுச் பொட்டேட்டோ’வும் இதிலிருந்து கிளைத்ததுதான் என்கிறார்கள். பூப் டியூப் பார்க்கிறவர் ‘பூப் டியூபர்’. டியூபர் என்றால் கிழங்கு. கிழங்கு என்றதும் ஞாபகத்துக்கு வருவது உருளை. அதை சோபாவில் உட்காரவைத்தால் முடிந்தது. 1970களில் கலிஃபோர்னியாவில் டாம் ஐயாசினோ என்பவர் விளையாட்டாகச் சொன்னதை, அவருடைய நண்பரான கார்ட்டூனிஸ்ட் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் படமாக வரைந்து, டிரேட்மார்க்கும் வாங்கிவிட்டார். 2005-ல் பிரிட்டனில் உருளைக்கிழங்கு விவசாயிகள் கொடி பிடித்தார்கள். எங்கள் கிழங்குக்கு ஏன் கெட்ட பெயர், அகராதியிலிருந்து அந்தச் சொல்லை எடு, வேண்டுமானால் ‘கவுச் ஸ்லவுச்’ என்று வைத்துக்கொள் என்று கோரிக்கை. நியாயமான கோபம்தான், ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? சொல் அப்படியே நிற்கிறது.

எங்கள் பெரியப்பா ஒருவர் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ ஆரம்பித்ததும், “அந்த இடியட் பாக்ஸை அணைங்கடா” என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். சிவாஜி பாட்டு வந்தால் பேப்பர் மெல்ல மூக்குவரை இறங்கும். இந்தப் பெயர்களைப் புழக்கத்தில் விட்டவர்களும் பெரியப்பா வகையறாதான் என்பது என் கணிப்பு. பார்க்காதவனுக்குத் திட்ட என்ன அவசியம்?

பார்க்கிறவரை விட்டுவிட்டு, நிகழ்ச்சி போடுகிறவரைத் திட்டியவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவரைச் சொல்லலாம்: நியூட்டன் மினோ. கென்னடி ஆட்சியில் ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. ஆணையத்தின் தலைவர். 1961 மே 9 அன்று டிவி, ரேடியோ நிலைய முதலாளிகளின் மாநாட்டிலேயே ஏறி நின்று, ஒருநாள் காலை முதல் இரவு வரை உங்கள் சேனலையே பார்த்துப் பாருங்கள், பரந்த பாழ்நிலம்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார். ‘வாஸ்ட் வேஸ்ட்லேண்ட்’ என்ற அந்த இரண்டு சொல்லும் டிவிக்கே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டன.

டிவிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1964-ல் ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ என்ற நகைச்சுவைத் தொடர் வந்தது. புயலில் சிக்கி ஆளில்லாத தீவில் ஒதுங்கும் ஏழு பேரின் கதை. தயாரிப்பாளர் ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ், அந்த உடைந்துபோகும் படகுக்கு வைத்த பெயர் ‘எஸ்.எஸ். மின்னோ’.