கொரோனா ஆளுக்கு ஆள் ஏன் மாறியது? மரபணு பற்றிய கேள்வி பதில்

கேள்வி (ஆசிரியை, கரூர்): 2021இல் வீட்டில் எல்லாருக்கும் கொரோனா வந்தது சார். மாமனாருக்கு லேசான காய்ச்சலோடு போய்விட்டது. நாற்பது வயதுக் கொழுந்தனார் ஐசியு வரை போய் வந்தார். மரபணுதான் காரணமா?

பதில்: அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம் அம்மா. நம் 3ஆவது குரோமோசோமில் சுமார் 50,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு, அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்கள் வழியாக வந்தது என்று 2020இல் ஹூகோ செபர்க், ஸ்வாந்தே பாபோ என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது இருப்பவர்கள் கொரோனாவால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.6 மடங்கு. தெற்காசியாவில் பாதிப் பேரிடம் இருக்கிறது. ஐரோப்பாவில் 16 சதவீதம். ஆப்பிரிக்காவில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

இப்படிப்பட்ட துண்டு ஏன் அழியாமல் தங்கியது? அதே துண்டு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை 27 சதவீதம் குறைப்பதாக 2022இல் செபர்க் எழுதினார். எச்.ஐ.வி.யோ நேற்று வந்த நோய். ஆகவே வேறு ஏதோ பழைய கொள்ளைநோயிலிருந்து அது நம் முன்னோரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள்.

ஆனால் உங்கள் கொழுந்தனார் விஷயத்தில் நான் வேறு பக்கமும் பார்ப்பேன். வைரஸை முதலில் எதிர்ப்பது இன்டர்ஃபெரான் என்ற புரதம். சிலருடைய உடலே அதை முடக்கும் ஆன்டிபாடியை உண்டாக்கிவிடுகிறது. ழான் லோரான் காசனோவா என்ற ஆய்வாளரின் குழு 2020இல் சோதித்த 987 கவலைக்கிடமான நோயாளிகளில் 101 பேருக்கு அது இருந்தது. அந்த 101இல் 95 பேர் ஆண்கள்!

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): அப்படியென்றால் எல்லாருடைய மரபணுவையும் பார்த்து, ஆபத்து உள்ளவர்களுக்கு முதலில் தடுப்பூசி போட்டிருக்கலாமே?

பதில்: பிறந்த தேதியைக் கேட்டாலே போதும், தம்பி. வயது காட்டும் வித்தியாசத்துக்கு முன் 1.6 மடங்கு ஒன்றுமே இல்லை.

கேள்வி (அதே மாணவர்): பிறகு இந்த ஆராய்ச்சியால் என்னதான் பயன்?

பதில்: பெருந்தொற்றில் நமக்கு அதிகம் உதவியது மனிதனுடைய மரபணு அல்ல, வைரஸுடையது. சீனாவின் ஜாங் யோங்ஜென் குழு 2020 ஜனவரி 11இல் அதன் எழுத்து வரிசையை வெளியிட்டது. 30,000 எழுத்துக்குச் சற்றுக் குறைவு. வைரஸ் கைக்கு வரும் முன்பே எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு வடிவம் போட முடிந்தது அதனால்தான். 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் ஒமைக்ரான் என்ற உருமாறிய வகையைக் கண்டு உடனே உலகுக்குச் சொன்னதும் இதே வழியில். (பரிசாகக் கிடைத்தது விமானத் தடை. அநியாயம்.)

சாக்கடை நீரும் இருக்கிறது. அமெரிக்காவின் சான் டியாகோவில் கழிவுநீரில் வந்த வைரஸை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, உருமாறிய வகைகள் நோயாளி மாதிரிகளில் தெரிவதற்கு 14 நாள் முன்பு வரை தெரிந்தன. பரிசோதனைக்கு வராதவரும் கழிப்பறைக்குப் போகத்தானே வேண்டும்?

கேள்வி (செவிலியர், கோயம்புத்தூர்): மரபணுவைப் பார்த்து ஆளுக்கேற்ற மருந்து தரும் துல்லிய மருத்துவம் என்பதெல்லாம் வசதியானவர்களுக்குத்தானே சார்?

பதில்: புற்றுநோய் மருந்துகளில் அப்படித்தான் தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன் மலிவான மாத்திரை. எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்கள் சிலருக்கு அது தோலே உரிந்துபோகும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயைத் தரும். தைவானில் 2004இல் ஆராய்ந்த, அந்த மாத்திரையால் அப்படித் தோலுரிந்த 44 நோயாளிகளிடமும் அந்த வகை இருந்தது. சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்கும் முன் அந்தப் பரிசோதனை வழக்கமாகிவிட்டது.

நீங்கள் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். வைசியக் குடும்பங்களில் சிலருக்கு, மயக்கத்தின்போது தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் ஊசி போட்டால், சில நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. அந்த மருந்தைச் சிதைக்கும் என்சைம் அவர்களுக்குக் குறைவு. அதை முன்கூட்டியே கேட்டு வைக்கும் மயக்க மருத்துவர் துல்லிய மருத்துவம்தான் செய்கிறார், செலவே இல்லாமல்.

கேள்வி (தொழில்முனைவர், சென்னை): எச்சில் அனுப்பினால் எல்லா நோயையும் சொல்லும் கிட் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பல மரபணுக்களைக் கூட்டிப் போடும் சர்க்கரை, மாரடைப்பு ஆபத்து மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை. நமக்குப் பொருத்தினால் தடுமாறும். 83 சமூகங்களிலிருந்து சுமார் 10,000 பேரின் மரபணுவை வரிசைப்படுத்திய ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. குடும்பத்தில் இளவயதில் மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு என்று வரிசையாக வந்திருந்தால் அது வேறு கதை: கிட்டை விடுங்கள், மரபியல் ஆலோசகரிடம் நேரே போங்கள். மற்றபடி அந்தப் பணத்துக்கு ஒரு பிபி மெஷின் வாங்கலாம்.