கூட்டுப் பட்டா, குண்டு மிளகாய், எட்டு லட்சம் கடன்

கேள்வி: கமுதி பக்கம் எங்கள் கிராமம். மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறேன். குண்டு மிளகாய் வத்தல் வாங்கி, மில்லில் கூலிக்கு அரைத்து, பாக்கெட் போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். சொந்தமாக அரவை இயந்திரம் போட 8 லட்சம் கடன் கேட்டால் வங்கியில் நிலப் பத்திரம் கேட்கிறார்கள். எங்களுடையது கூட்டுப் பட்டா. மைக்ரோ பைனான்ஸ்காரர்களோ வீட்டுக்கே வந்து தருகிறோம் என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் பத்திர விஷயத்தை முடித்துவிடுவோம். குறு, சிறு தொழில்களுக்கு நீங்கள் கேட்கும் 8 லட்சம் ரூபாய் அளவிலான கடனுக்கு வங்கிகள் பிணைச் சொத்து கேட்கக் கூடாது. இது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கடனில் வாங்கும் இயந்திரமும் சரக்கும் வங்கியின் பிடியில் இருக்கும், அது நியாயம்தான். நிலப் பத்திரம் தேவையில்லை. கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் வங்கிக்கு ஈடுகட்ட, குறு, சிறு தொழில் கடனுக்கான சிஜிடிஎம்எஸ்இ போன்ற உத்தரவாத நிதிகள் உண்டு. (அரசு உத்தரவாதம் இருக்கிறதே, கட்டாவிட்டால்தான் என்ன என்று ஊரில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உத்தரவாதம் வங்கிக்குத்தான். உங்கள் பாக்கி அப்படியே நிற்கும், சிபில் என்ற கடன் பதிவேட்டிலும் ஏறும்.)

கூட்டுப் பட்டா வேறொரு இடத்தில் இடிக்கும். இயந்திரம் வைக்கப் போகும் இடம் உங்கள் அனுபோகத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பங்காளிகளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குங்கள், இல்லையென்றால் வாடகை ஒப்பந்தம் போடுங்கள். மின் இணைப்புக்கும் அது உதவும்.

என் கணிப்பு, மேலாளர் தயங்குவதற்குப் பத்திரம் மட்டும் காரணமில்லை. நீங்கள் கேட்ட விதமும் ஒரு காரணமாக இருக்கலாம். வத்தல் வரத்து மாசியில் சூடுபிடித்து சித்திரையோடு அடங்கிவிடும். வருடம் முழுக்க அரைக்க வேண்டிய சரக்கை அந்த மூன்று மாதத்தில் வாங்கிப் போட்டால்தான் விலை கட்டுப்படியாகும். அப்படியென்றால் உங்கள் பணத்தில் பாதி இயந்திரத்துக்கு, மீதிப் பாதி வத்தலுக்கு. இரண்டையும் ஒரே கடனாக வாங்கினால் என்ன ஆகும்? வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 8 லட்சத்துக்கு ஐந்து வருடத் தவணை மாதம் ஏறக்குறைய 17,400 ரூபாய். சரக்கு மூட்டையாகக் கிடக்கும் மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். இப்பகுதிகளில் நல்ல தொழில்கள் நொடிப்பது பெரும்பாலும் இங்கேதான். வியாபாரம் குறைவதால் அல்ல.

இயந்திரத்துக்கு 4 லட்சம் தவணைக் கடன், வத்தலுக்கு 4 லட்சம் நடைமுறை மூலதனக் கடன் என்று பிரித்துக் கேளுங்கள். வங்கியில் இரண்டாவதை சிசி என்பார்கள். தவணை 8,700 ரூபாயாக இறங்கும். சிசியில் எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி, முழுவதும் எடுத்திருந்தாலும் மாதம் 3,700 ரூபாய்க்குள். பொடி விற்க விற்கக் கட்டி, அடுத்த மாசியில் மறுபடி எடுக்கலாம். எந்த மாதம் எவ்வளவு வாங்குகிறீர்கள், கடைக்காரர்கள் எத்தனை நாளில் பணம் தருகிறார்கள் என்று ஒரே தாளில் பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதி எடுத்துப் போங்கள். கடை பில்கள், வங்கிப் புத்தகம், குழுவில் கடன் கட்டிய பதிவு எல்லாமே சாட்சி.

மானியத்தைப் பொறுத்தவரை, உணவு பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கான பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் தகுதியான செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கும் கிடைக்கும். பிஎம்இஜிபி திட்டத்திலும் கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீதம்தான், ஆனால் அது புதுத் தொழிலுக்கு மட்டும். உங்களுக்கு முதலாவதே பொருந்தும். இந்தத் திட்டங்களின் காலம் அவ்வப்போது முடிந்து நீட்டிக்கப்படும். அதனால் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டே தொடங்குங்கள். இரண்டிலும் மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் தனியாக நிற்கும், மூன்று வருடம் கடன் ஒழுங்காக நடந்தால் அதில் கழியும். மானியத்தை நம்பி வத்தலுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மைக்ரோ பைனான்ஸ் வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல். 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கான கடன் அது, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அவசரத்துக்கு ஆகும். ஒரு வருடச் சரக்கு வாங்க ஆகாது. அதற்குப் பதில் உங்கள் குழுவிடமே கேளுங்கள்: பிஎம்எஃப்எம்இயில் உணவுத் தொழில் செய்யும் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி உண்டு.

விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 25 லட்சம் வரையிலான கடனுக்கு 14 வேலை நாளுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளரைப் பாருங்கள், ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கிதான் முன்னோடி வங்கி. அப்புறமும் நகரவில்லை என்றால் வங்கிக்கே புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. மாசிக்கு முன்னால் பணம் கைக்கு வர வேண்டுமென்றால் இதையெல்லாம் ஐப்பசியிலேயே தொடங்கிவிடுங்கள்.