வாசகர் கேள்வி: 1,500 சொற்களுக்குள் ஈழப் போரா?

கே: அமெரிக்க வெளியுறவுப் பணியாளர் சங்கம் (ஆஃப்சா) உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் கட்டுரைப் போட்டிக்கு, பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஈழப் போரைப் பற்றி எழுதுகிறாள். 2,200 சொற்கள் வந்துவிட்டன. எதை வெட்டுவது? தமிழ்ப் பெண் என்பதால் பக்கச்சார்பு என்று ஒதுக்கிவிடுவார்களா?
- ஒரு வாசகி, நியூ ஜெர்சி

ப: போட்டிக்கான வரம்பு 1,000 முதல் 1,500 சொற்கள். இலங்கை விடுதலை பெற்ற 1948-இல் தொடங்கி, போர் மூண்ட 1983-ஐ எட்டுவதற்குள்ளேயே உங்கள் மகளுக்கு அறுநூறு சொல் போயிருக்கும். அங்கேதான் கத்தரி வைக்க வேண்டும். தலைப்பு ஆண்டுக்காண்டு மாறினாலும், அமைதி முயற்சிகளில் அமெரிக்கத் தூதர்களின் பங்கு என்ன என்பதையே பெரும்பாலும் சுற்றிவரும். போரின் கதையை மட்டும் எழுதினால் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியதாகாது.

ஒரே ஒரு முடிச்சை எடுக்கச் சொல்லுங்கள். நார்வேயின் அனுசரணையில் 2002 பிப்ரவரி 22-இல் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் கையெழுத்தானது. 2003 ஏப்ரலில் இலங்கைக்கு உதவி வழங்கும் நாடுகளின் முன்னேற்பாட்டுக் கூட்டம் வாஷிங்டனில் நடந்தது. புலிகள் 1997 முதல் அமெரிக்காவின் தடைப் பட்டியலில் இருந்ததால் அவர்களுக்கு அங்கே இடமில்லை. அதே மாதம் 21-ஆம் தேதி அவர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திவைத்தார்கள். தடைப் பட்டியல் தூதரின் கையை எவ்வளவு கட்டிப்போடுகிறது? கட்டுரைக்கு இந்த ஒரு கேள்வி போதும். ஆனால் விலகலுக்கு இது ஒன்றே காரணம் என்று எழுதிவிடக் கூடாது. புலிகளின் பேச்சுவார்த்தைத் தலைவர் அன்டன் பாலசிங்கம் அன்று இலங்கைப் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கு எழுதிய கடிதம், மக்களின் மீள்குடியேற்றம் நடக்காததையும் குறையாகச் சொல்கிறது.

அளவு: வாதத்தோடு சேர்த்து முன்னுரை 150 சொல், பின்னணி 200, நிகழ்வு 500, தூதர்கள் வேறு என்ன செய்திருக்கலாம் என்பதற்கு 350, முடிவு 150. 'அமெரிக்கா இன்னும் அக்கறை காட்டியிருக்க வேண்டும்' போன்ற வரிகளுக்கு மதிப்பெண் விழாது. யார், யார் வழியாக, எதைச் செய்திருக்க முடியும் என்று எழுத வேண்டும்.

பக்கச்சார்பு பார்ப்பது எழுதுபவரின் பெயரை வைத்தல்ல, சான்றுகளை வைத்து. ஒரு தரப்பு இணையதளங்களை மட்டும் நம்பினால் நடுவருக்கு உடனே தெரிந்துவிடும். போர்நிறுத்த ஒப்பந்தத்தின் மூல உரை, பாலசிங்கத்தின் கடிதம், நார்வேயின் முயற்சி ஏன் தோற்றது என்று அந்நாட்டின் வளர்ச்சி உதவி அமைப்பான நோராட் 2011-இல் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை ஆகிய மூன்றும் இருந்தால் அடித்தளம் உறுதி. இறந்தோர் எண்ணிக்கை எழுதும் இடத்தில் யாருடைய கணக்கு என்பது அந்த வாக்கியத்திலேயே வரட்டும். விக்கிப்பீடியாவைச் சான்றாகக் காட்ட வேண்டாம்.

இன்னொன்று: இவ்வாண்டுத் தலைப்பு 'வெற்றி பெற்ற' அமைதி முயற்சியைக் கேட்டால் இந்தக் கட்டுரை பொருந்தாது. அப்போது மொசாம்பிக் நல்ல தேர்வு. அங்கே நடந்த உள்நாட்டுப் போரை முடிக்க 1992 அக்டோபர் 4-இல் ரோமில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேச்சின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்கா பார்வையாளராக இருந்தது. ஓராண்டுக்குள் நடக்க வேண்டிய தேர்தல் 1994 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. படைக்கலைப்பு முடியட்டும் என்று காத்திருந்தார்கள். பக்கத்தில் அங்கோலாவில் படைகளைக் கலைத்து முடிக்காமலே 1992-இல் வாக்கெடுப்பு நடத்தி, மறுபடி போர் மூண்டது. இரண்டையும் அருகருகே வைத்தால் வாதம் தானே கிடைக்கும்.