மதர்போர்டு போன லேப்டாப்பின் எஸ்எஸ்டியிலிருந்து ஃபைல்களை எடுக்க முடியுமா?

லேப்டாப் ஆன் ஆகவில்லை, போர்டு போய்விட்டது என்று கடையில் சொல்லிவிட்டார்கள், அடாப்டர் வாங்கிப் போட்டால் உள்ளே இருப்பது வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வரும். போர்டு மட்டும் போய், ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி நன்றாக இருந்தால், இதற்கு டேட்டா ரெக்கவரி என்று பெரிய பெயர் வைக்கவே தேவையில்லை. கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் சொருகிக் காப்பி செய்யும் வேலைதான். எந்த அடாப்டர் என்றுதான் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், கடைசியில் மாட்டிக்கொள்வது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரில்.

முதலில் அடாப்டர் கதையை முடித்துவிடுகிறேன். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, பழைய ஏடிஎம் கார்டால் ஓரமாக நெம்பினால் மூடி வந்துவிடும். எதையும் தொடும் முன் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிவிடுங்கள். சூயிங்கம் பட்டை போல நீளமாக ஒரு சின்ன போர்டு தெரிந்தால் அது எம்.2 வகை. 2280 என்று போட்டிருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்று அர்த்தம். முனையில் உள்ள ஒற்றை ஸ்க்ரூவை எடுத்ததும் அது தானாகச் சாய்வாக எழும்பி நிற்கும், அப்படியே நேராக இழுத்தால் போதும். தங்க நிறப் பின்கள் இருக்கும் பக்கத்தில் ஒரு வெட்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ எனும் புதிய வகை. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா எனும் பழைய வகை, ஆனால் என்விஎம்இயிலும் சில இரண்டு வெட்டோடு வருகின்றன. அதனால் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே உறுதி. குழப்பமாக இருந்தால் இரண்டு வகையையும் ஏற்கும் யுஎஸ்பி என்க்ளோஷர் (எஸ்எஸ்டியை உள்ளே போட்டு யுஎஸ்பியில் சொருகும் பெட்டி) வாங்கிவிடுங்கள். ரியல்டெக் ஆர்டிஎல்9210பி சிப் போட்டவை இரண்டையும் படிக்கும். பழைய லேப்டாப்பில் தட்டையான 2.5 இஞ்ச் பெட்டியாக இருந்தால் சாட்டா டு யுஎஸ்பி கேபிள் ஒன்றே போதும். சார்ஜிங்குக்கு மட்டும் பயன்படும் டைப்-சி கேபிளைச் சொருகிவிட்டு 'டிரைவே காட்டவில்லை' என்று பயப்படுகிறவர்களும் உண்டு, என்க்ளோஷரோடு வந்த கேபிளையே போடுங்கள்.

இனி பூட்டு. எங்கள் பெரியம்மா பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவர். பல வருடமாக டைப் செய்து சேர்த்த கேள்வித்தாள்கள் எல்லாம் லேப்டாப்பில். ஒரு நாள் சார்ஜ் போட்டிருந்தபோதே போர்டு போய்விட்டது. எஸ்எஸ்டியை என்க்ளோஷரில் போட்டு என் கம்ப்யூட்டரில் சொருகினேன். டிரைவ் வந்தது, ஐகானில் பூட்டுப் படத்தோடு. திறக்கப் போனால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது. "அதெல்லாம் எனக்கு என்னடா தெரியும், உன் அண்ணன்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தான்" என்றார் பெரியம்மா. அவர் எந்தப் பூட்டும் போடவில்லை என்பது உண்மைதான். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து விண்டோஸை செட்டப் செய்தால் பல லேப்டாப்களில் ஹோம் எடிஷனிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் (இதுவும் பிட்லாக்கர் பூட்டுதான்) தானாகவே ஆன் ஆகிவிடும். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட்டில் அதற்கான நிபந்தனைகளையும் தளர்த்திவிட்டார்கள்.

தினமும் கேட்காத கீயை இப்போது மட்டும் ஏன் கேட்கிறது? போர்டில் இருக்கும் டிபிஎம் எனும் பாதுகாப்பு சிப்தான் இத்தனை நாளும் நமக்குத் தெரியாமல் பூட்டைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. போர்டு போனதும் அதுவும் போயிற்று. இனி ரெக்கவரி கீ ஒன்றுதான் வழி. அது இல்லாமல் திறந்து தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கீ எங்கே இருக்கும்? லேப்டாப்பை முதன்முதலில் செட்டப் செய்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் விஷயத்தில் அது சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனின் ஈமெயில். அவர் தன் கணக்கில் டிவைஸ் பட்டியலுக்குப் போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட கீ. கவலைப்பட வேண்டாம், கீ கேட்கும் பெட்டியிலேயே கீ ஐடி என்று 8 எழுத்து காட்டும், அதே ஐடி உள்ள வரியை எடுத்தால் சரி. போனில் வாசிக்கச் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் காப்பி செய்து அனுப்பச் சொல்லுங்கள், ஆறாறு எண்ணாக எட்டுக் கூட்டம் அது. ஆபீஸ் லேப்டாப் என்றால் கீ கம்பெனி ஐடி ஆட்களிடம் இருக்கும்.

திறந்த பிறகு யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பழைய பெயரைத் தொட்டால் 'அனுமதி இல்லை' என்று சொல்லும். கன்டினியூ கொடுத்துவிட்டுக் காத்திருங்கள், ஃபைல்கள் நிறைய இருந்தால் பச்சைக் கோடு நகரவே நகராது, நடுவில் பிடுங்க வேண்டாம். எஸ்எஸ்டி சூடாவதும் சகஜம். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் காலியாக இருந்தால் ஒன்டிரைவ் ஃபோல்டரைப் பாருங்கள். அங்கே ஆன்லைனில் மட்டும் வைத்திருந்த ஃபைல்கள் டிஸ்க்கில் இருக்காது, பெயர் மட்டும்தான் இருக்கும். அவற்றை பிரவுசரில் ஒன்டிரைவுக்குள் நுழைந்து இறக்கிக்கொள்ளலாம். சொல்லப்போனால், லேப்டாப்பைக் கழற்றும் முன்பே அங்கே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பாதி ஃபைல்கள் அங்கேயே கிடைத்துவிடும்.

சொருகியதும் 'டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் மட்டும் கொடுங்கள். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டிருந்தாலும் விண்டோஸ் இப்படித்தான் கேட்கும், அப்போது உபுண்டு லைவ் பென்டிரைவில் பூட் செய்தால் படிக்கும்.

மேக்புக் என்றால் வேறு கதை. 2018 முதல் வந்த டி2 சிப் மாடல்களிலும் பிறகு வந்த எம் வரிசையிலும் அந்த சிப்பே ஸ்டோரேஜை என்கிரிப்ட் செய்கிறது. மேக்புக்கில் அந்த மெமரியும் போர்டோடு சால்டர் செய்திருக்கும், அடாப்டருக்கு வேலையே இல்லை. போர்டை உயிர்ப்பித்துத் தரும் சிப் லெவல் ஆட்களைத்தான் தேட வேண்டும். மலிவு லேப்டாப் சிலவற்றில் எஸ்எஸ்டிக்குப் பதில் இருக்கும் இஎம்எம்சி மெமரியும் போர்டோடு ஒட்டியதுதான்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே எஸ்எஸ்டி காட்டவில்லை, இன்னொரு என்க்ளோஷரிலும் அதே நிலை என்றால் எஸ்எஸ்டியே போயிருக்கிறது. அப்போது மறுபடி மறுபடி சொருகிப் பார்க்காமல் லேபுக்குக் கொடுங்கள். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும், வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது.