முக்கால் மக் கீரை எத்தனை கிராம்?

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு 71 வயது, நீரிழிவு இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் உணவு ஆலோசகர், ‘வெந்த காய் மதியம் 100 கிராம், இரவு 100 கிராம்’ என்று எழுதிக் கொடுத்தார். வீட்டில் தராசு இல்லை. 100 கிராம் என்றால் எத்தனை கப்? எல்லாக் காய்க்கும் ஒரே கணக்குதானா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ஒரே கணக்கு இல்லை, தங்கச்சி. அதற்கும் முன்னால், எந்தக் கப்பில் அளக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். என் கணவர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் நானும் இப்படித்தான் அளந்து அளந்து வைத்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, நான் எடுத்தது ரைஸ் குக்கரோடு வந்த கப். அது அரிசிக்கானது, 180 மில்லிதான் பிடிக்கும். சமையல் குறிப்புகளில் வரும் கப் 240 மில்லி. அத்தனை நாளும் அவருக்குக் காய் கால் பங்கு குறைந்திருக்கிறது. இப்போது நினைத்தாலும் மனசு கேட்பதில்லை.

நம் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் கணக்கு, வெந்த காய் முக்கால் மக், அதாவது 100 கிராம், ஒரு பங்கு. அந்த மக் 250 மில்லி. அவசரத்துக்கு இது போதும்.

ஆனால் கப்பில் காய் மட்டுமா உட்காருகிறது? இடையில் காற்றும் இருக்கிறது. காலிபிளவர் பூக்களுக்கு நடுவே சந்து அதிகம், வெந்தது 240 மில்லி கப்புக்குச் சுமார் 125 கிராம்தான் வரும். முட்டைகோஸ் 150, வட்டமாக நறுக்கிய கேரட் 155. வெந்து, நன்றாக வடித்த பசலைக்கீரை 180. அதே கீரை பச்சையாக ஒரு கப் வெறும் 30 கிராம்! மசித்த பரங்கிக்காய் 245 வரை போகும். ஆகவே 100 கிராமுக்குக் கீரை அரைக் கப்புக்குச் சற்று மேல், காலிபிளவர் முக்கால் கப்புக்கும் மேல், பரங்கிக்காய் அரைக் கப்பே வேண்டாம்.

நறுக்குவதிலும் இருக்கிறது. டேக்கா சந்தையில் வாங்கும் கங்கோங் கீரையைப் பாருங்கள், தண்டு குழல் மாதிரி. வெந்ததும் இலை துவண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தண்டு மட்டும் விறைப்பாக நிற்கும். விரல் நீளத்துக்கு நறுக்கினால் கப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். பொடியாக நறுக்கினால் அதே கப்பில் இன்னொரு கைப்பிடி போகும். வடிக்காமல் போட்டால் தண்ணீரும் எடையில் சேர்ந்துவிடும்.

அதனால் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். அம்மா வழக்கமாகச் சாப்பிடும் கிண்ணத்தைத் தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, வெந்த காயை 100 வரும்வரை போடுங்கள். கிண்ணத்தில் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடிக்கடி செய்யும் ஐந்தாறு காய்க்கு ஒவ்வொரு தடவை இப்படிச் செய்தால் போதும், அப்புறம் கண்ணாலேயே அளந்துவிடலாம். சாம்பார்க் காய் என்றால் கண்கரண்டியில் அரித்தெடுத்து நிறுங்கள். பொரியலுக்குத் தேங்காய்ப்பூ தூவுவதற்கு முன்பே அம்மாவின் பங்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தேங்காயும் காய்க் கணக்கில் ஏறிவிடும். உருளைக்கிழங்கை இந்த 100 கிராமில் சேர்க்காதீர்கள், அது சோற்றுக் கணக்கு.